சீமைக்குப் போன சட்டாம்பிள்ளை

சட்டாம்பிள்ளை என்ற பேச்சை எடுத்தாலே என் பாட்டனாருக்குக் கோபம் வரும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பைவிட அவன் குட்டுதான் வலித்ததாம்.

அந்தச் சட்டாம்பிள்ளை சீமைக்குப் போன கதை ஒன்று உண்டு. 1789-ல் சென்னை எழும்பூரில், வெள்ளைச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்றார். நம் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதை ஒருநாள் கண்டார். "இங்கேயும் அப்படிச் செய்யுங்கள்" என்றார். உபாத்தியாயர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பெல் மசியவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பையே அவனிடம் ஒப்படைத்துவிட்டார்! பெரியவர்கள் மறுத்ததைப் பொடியன் செய்து காட்டினான். பிறகு பிள்ளைக்குப் பிள்ளையே வாத்தியார். முந்தியவன் மேலே போவான், பிந்தியவன் கீழே இறங்குவான்.

1797-ல் பெல் இதை லண்டனில் புத்தகமாக்கினார். 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்தெங்கும் பரவிற்று. வாத்தியார் சம்பளம் மிச்சம் என்பதும் அதற்கு ஒரு காரணம்தான். அவர் பணத்தில் 1833-ல் ஸ்காட்லாந்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் காலேஜ் என்றே பெயர். மணல் பரப்பிய நம் வாத்தியாருக்குத்தான் கதையில் பெயரில்லை.

பாட்டனார் இருந்தால் சொல்லியிருப்பேன். சட்டாம்பிள்ளைக்கா இவ்வளவு மரியாதை என்று சண்டைக்கு வந்திருப்பார்.