கண்ணாடி அலுமாரியும் தரையில் ஊர்ந்த ஆமையும்

எமது கல்லூரி அன்னை நூறாவது அகவையை எட்டும் இவ்வேளையில், அவளுக்கு என்ன பரிசு கொடுப்பது என்ற பேச்சு எங்கள் வகுப்புத் தோழிகளிடையே எழுந்தது. ரொறன்ரோ, இலண்டன், சிட்னி, கொழும்பு என்று பல திசைகளிலிருந்தும் வந்த பதில்களில் பெரும்பாலானவை ஒன்றையே சொல்லின: ஒரு ரோபோ ஆய்வுகூடம். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்தப் பேச்சு எங்களைப் பழைய விஞ்ஞானகூடத்துக் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

தொண்ணூறுகளில் படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். உள்ளே ஒரு நுணுக்குக்காட்டி; வெளியே ஒரு பூட்டு. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அது பொருளாதாரத் தடைக் காலம். ஒரு வில்லை உடைந்தால் மாற்று வராது. ஆசிரியர்கள் அதைக் காப்பாற்றி வைத்ததே பெரிது. ஆயினும் எங்களுள் மருத்துவம் படிக்கப் போனவர்கள் நுணுக்குக்காட்டியை முதன்முதலில் கையால் தொட்டது மருத்துவ பீடத்திலேதான்.

அதே காலத்தில் வீட்டிலே வேறொரு பள்ளிக்கூடம் நடந்தது. மின்சாரம் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அண்ணாமார் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலியில் செய்தி கேட்டோம். இணைப்புப் பிழைத்தால் வானொலி வாய் திறக்காது. கழற்றுவோம், யோசிப்போம், மீண்டும் பூட்டுவோம். மின்னைப் பற்றி நாங்கள் மறக்காமல் கற்றது அந்த முற்றத்தில்தான்.

ஒரு பொருள் எப்போது பிள்ளைக்குக் கற்பிக்கிறது? இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் எமது தொழிலைச் சேர்ந்தவர்களே நிற்கிறார்கள்.

1800 ஆம் ஆண்டளவில், பிரான்சின் காட்டுப்புறத்திலிருந்து மீட்கப்பட்ட, பேச்சறியாத விக்டர் என்ற சிறுவனைப் பரிஸ் நகரில் பொறுப்பேற்றவர் ஷான் இத்தார் என்னும் மருத்துவர். சொல்லால் எட்ட முடியாத பிள்ளையைப் பொருளால் எட்டலாம் என்று கருதி, எழுத்துகளையே கையில் எடுத்து அடுக்கக்கூடிய பொருள்களாக்கிக் கொடுத்தார். விக்டர் பேசக் கற்கவில்லை. ஆனால் அந்த வழி அழியவில்லை. இத்தாரின் மாணவர் செகான் அதை மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக விரிவாக்கினார். 1896 இல் உரோமில் மருத்துவப் பட்டம் பெற்ற மரியா மொண்டிசோரி, இவ்விருவருடைய நூல்களையும் தம் கைப்பட இத்தாலிய மொழியில் எழுதிக் கற்றார்.

1907 ஜனவரி 6 ஆம் திகதி, உரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் அவர் முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தார். அவருடைய உருளைக் கட்டையை எண்ணிப் பாருங்கள். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள்; அவற்றுக்கு அளவான பத்து உருளைகள். சிறிய உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால், கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் கையில் மிஞ்சும். ஆசிரியர் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. பிழையைப் பொருளே காட்டிவிடும். பிள்ளை வெட்கப்படாமல் திருத்திக்கொள்ளும். 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்த மொண்டிசோரி, உலகப் போர் காரணமாக நெடுங்காலம் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1944 இல் எமது இலங்கைக்கும் வந்தார். எங்களில் பலர் முதன்முதலில் காலடி வைத்த பாலர் வகுப்பை நாம் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறோம்.

ரோபோவின் கதையிலும் உடலை ஆராய்ந்த ஒருவர் வருகிறார். மூளையின் மின்னலைகளை ஆராய்ந்த கிரே வோல்ட்டர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1940களின் இறுதியில் எல்மர், எல்ஸி என்று இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். அவை ஒளியை நாடி ஊரும்; தடையில் முட்டினால் விலகிப் போகும்.

ஆமை வகுப்பறைக்குள் வந்தது அமெரிக்காவில். ஜெனீவாவில் பியாஜேயுடன் பணியாற்றிய கணித அறிஞர் சேமூர் பாப்பெர்ட், சிந்தியா சொலமன், வோலி ஃபொயர்சைக் ஆகியோர் 1967 இல் பிள்ளைகளுக்கென லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினர். சில ஆண்டுகளுக்குள் அந்த மொழிக்குக் கீழ்ப்படியும் ஓர் ஆமை தரையில் ஊர்ந்தது. அதன் அடியில் ஒரு பேனை. 'முன்னே 100, வலது 90' என்றால் அப்படியே நடந்து கோடு வரையும்.

சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால், பிள்ளை பெரும்பாலும் 60 பாகை திரும்பச் சொல்லும். புத்தகத்தில் கோணம் 60 தானே! ஆனால் மூன்று பக்கம் வரைந்த பின்னும் வடிவம் மூடாது. ஆறு பக்கம் வரைந்தால் அறுகோணமாகிவிடும். ஏன்? பிள்ளை எழுந்து தானே ஆமையாகி நடந்து பார்க்கும். திரும்பவேண்டியது உள்ளே உள்ள 60 அல்ல, வெளியே உள்ள 120 என்று கண்டுகொள்ளும். புறக்கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை என்று நாங்கள் சாதாரண தரப் பரீட்சைக்கு மனனஞ்செய்தோம். அந்தப் பிள்ளை அதை நடந்து அறிந்தது.

1970களில் ரேடியா பேர்ல்மன் என்ற இளம் பெண், வாசிக்கத் தெரியாத மழலைகளும் ஆமையை இயக்கும்படி பொத்தான்கள் கொண்ட கருவியை அமைத்தார். பிற்காலத்தில் கணினி வலையமைப்புத் துறையில் புகழ்பெற்றவர் அவரே. பாப்பெர்ட் 1980 இல் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டோர்ம்ஸ்' நூலின் பெயரையே 1998 இல் லெகோ நிறுவனம் தனது ரோபோத் தொகுதிக்கும் சூட்டியது.

இந்த வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1980களில் நியூயோர்க் பாங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரியில் றோய் பீயும் மிடியன் கேர்லண்டும் லோகோ படித்த பிள்ளைகளை ஆராய்ந்தனர். திட்டமிடும் திறனில் அவர்கள் மற்றப் பிள்ளைகளைவிட மேம்பட்டிருக்கவில்லை. கருவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதாது. பக்கத்தில் அமர்ந்து, "ஏன் அப்படி வந்தது?" என்று கேட்கும் ரீச்சர் ஒருவர் வேண்டும்.

மருத்துவத்தில் இதை நாங்கள் அனுபவத்தில் அறிவோம். நின்ற இதயத்தை இயக்கும் பயிற்சியை முதலில் ஒரு பொம்மையின் மார்பிலே பெறுகிறோம். அங்கே பிழை விடலாம். விட்டபின் மூத்தவர் ஒருவரோடு அதைப் பேசவும் வேண்டும். நோயாளியின் கட்டிலருகே பிழை விடாதிருக்க அதுவே வழி.

ஆகவே உலகெங்கும் வாழும் அன்புச் சகோதரிகளே, ரோபோ ஆய்வுகூடத்தைத் தாராளமாகக் கொடுப்போம். திறப்பு விழாவில் நாடா வெட்டிப் படமும் எடுத்துக்கொள்வோம். அதோடு மூன்றையும் சேர்த்துக் கொடுப்போம்: உடைந்த பாகத்தை மாற்ற ஆண்டுதோறும் ஒரு சிறு நிதி, ஆசிரியர்களின் பயிற்சிக்கும் நேரத்துக்கும் ஓர் ஏற்பாடு, உடைத்த பிள்ளையை ஏசவேண்டாம் என்று எங்கள் கையொப்பத்துடன் ஒரு கடிதம். உடைந்தால் வாங்கித் தர நாங்கள் இருக்கிறோம் என்று தெரிந்தால், ஆசிரியர்கள் அலுமாரியைப் பூட்டமாட்டார்கள்.

அன்று எங்களுக்காக அந்த நுணுக்குக்காட்டியைக் காத்த கைகளுக்கு, நாங்கள் செலுத்தக்கூடிய நன்றியும் அதுவே.