சோப்புக் கட்டி பாடமான வரலாறு

சங்கரன்கோவில் வட்டாரம் நெசவுக்குப் பெயர் பெற்றது. நெய்த துணியையும் உடுத்த துணியையும் வெளுக்க நம் தென்பாண்டிச் சீமையின் முன்னோர் நாடியவை உவர்மண்ணும் வெள்ளாவியுமே. உவர்மண்ணில் உறைந்துள்ள காரமே அழுக்கை அகற்றிற்று. அத்தகைய காரத்தோடு எண்ணெயை முறைப்படி சேர்த்தால் சோப்பு பிறக்கிறது. ஆனால் எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு காரம்? அந்த அளவில்தான் தொழிலின் உயிர் அடங்கியிருக்கிறது. அவ்வளவை யார் யாருக்குக் கற்பித்தார்கள் என்பதே சோப்பின் வரலாறு எனலாம்.

அரபியர் இதனைச் 'சாபூன்' என்றனர். ஷாம் நாட்டின் ஹலபும் பலஸ்தீனத்தின் நாபுலுஸும் ஒலிவ எண்ணெய்ச் சோப்புக்குப் புகழ்பெற்ற நகரங்கள். 14ஆம் நூற்றாண்டின் பெரும் பயணி இப்னு பதூதா, ஷாமிலுள்ள ஸர்மீன் என்ற ஊரில் செங்கல் வடிவிலான சோப்பு செய்யப்பட்டு மிஸ்ருக்கும் திமிஷ்குக்கும் ஏற்றுமதியானதைக் குறித்துள்ளார். கை கழுவுவதற்கென்று சிவப்பும் மஞ்சளுமாய் நிறமூட்டிய நறுமணச் சோப்பும் அங்கே உருவானதாம். இக்கைத்தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு, ஆசானிடமிருந்து பணியாளுக்கு என்று கைமாறி வந்தது. ஹலபு, நாபுலுஸ் ஆகிய இரு மரபுகளையும் 2024இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. எனினும் கைப்பழக்கமாக மட்டும் வாழும் அறிவு, கற்றவர் குடும்பம் நலிந்தால் தானும் நலியும்.

ஐரோப்பிய அறிவியல் இந்நிலையை மாற்றிற்று. 1791இல் லெபிளாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் கடலுப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1823இல் செவ்ரூல் என்ற வேதியியலார், கொழுப்பு காரத்தோடு சேரும்போது கொழுப்பமிலம் சோப்பாகவும் கிளிசரின் தனியாகவும் பிரிவதை விளக்கி நூல் வெளியிட்டார். கைப்பக்குவம் கணக்காயிற்று, கணக்கைக் கரும்பலகையில் எழுதவும் இயன்றது.

அந்தக் கரும்பலகை நம் பக்கம் வந்த இடம், இப்னு பதூதா தம் பயணத்தில் கண்ட அதே கோழிக்கோடு. அப்போது திருநெல்வேலியும் மலபாரும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. மாகாண மீன்வளத் துறையை வழிநடத்திய சர் பிரடெரிக் நிக்கல்சன், மலபார்க் கரையில் மிகுந்து கிடைத்த மீன் எண்ணெயைப் பயன்கொள்ளும் முயற்சியில் சோப்பு ஆய்வை ஊக்குவித்தார். 1914இல் கோழிக்கோட்டில் அரசினர் சோப்புத் தொழிற்கூடம் தோன்றியது. பின்னர் அது தொழில் துறையின் கீழ் வந்து 'கேரள சோப்பு நிலையம்' எனப் பெயர் பெற்றது. சோப்பு விற்பதோடு நில்லாமல், மாணவர்களைச் சேர்த்துத் தொழிலையும் கற்பித்தது என்பதே அதன் தனிச்சிறப்பு.

இத்தொழிலைப் பயிலும் மாணவன் அறிய வேண்டியவை யாவை? ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஒலிவ எண்ணெய்க்கோ ஏறத்தாழ 135 கிராம் போதும். காரம் மிகுந்தால் தோல் வெந்துபோகும். குறைந்தால் கட்டி பிசுபிசுக்கும். தண்ணீரில்தான் சோடாவை இட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசலை ஆறவைத்து, எண்ணெயில் சேர்த்து, கூழ்போல் இறுகும்வரை கலக்கி, அச்சுச் சட்டத்தில் வார்க்க வேண்டும். இறுகிய பின் கம்பியால் அறுத்துச் சில வாரம் உலர்த்த வேண்டும். கொதிக்கவைத்துச் செய்யும் முறையில் உப்பிட்டால் சோப்பு மேலே திரளும். கிளிசரின் அடிநீரோடு போகும். இவற்றை நூலில் படித்தால் மட்டும் போதாது. அருகில் நின்று திருத்தும் ஆசிரியரும் வேண்டும்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கோழிக்கோடு கேரளத்தைச் சேர்ந்தது. அங்கிருந்த சோப்பு ஆலை 1992இல் மூடப்பட்டு, 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆலை மூடலாம், திறக்கலாம். மாணவன் கையில் ஏறிய தொழிலைப் பூட்ட எவராலும் ஆகாது.

இன்று நம் பிள்ளைகள் சோப்பாதல் வினையைச் சமன்பாடாக மனனம் செய்கிறார்கள். மதிப்பெண் பெற்றதும் மறக்கிறார்கள். தேங்காய் எண்ணெயும் தராசும் கண்ணாடிக் குவளையும் அரிய பொருள்கள் அல்ல. கையுறையும் கண்காப்பும் அணிவித்து, ஆசிரியர் உடனிருந்து ஒரு கட்டியையேனும் வார்க்கச் செய்யும் பள்ளி, வேதியியலோடு ஒரு வாழ்வழியையும் கற்பிக்கிறது. ஸர்மீனின் ஆசான்கள் தம் மக்களுக்கு மட்டும் ஈந்ததை, ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் ஈயும் வாய்ப்பு நம் கையில் உள்ளது. அதனைத் தவற விடலாமா?