புலி, கோடாலி, முழங்கால்

கிளமெண்டியில் எங்கள் புளோக் லிஃப்டில் காலையில் ஏறினால், சற்றுமுன் யார் இறங்கிப் போனார்கள் என்பதை மூக்கே சொல்லிவிடும். கற்பூரமும் கிராம்பும் கலந்த வாடை என்றால் ஐந்தாம் மாடிச் சீனப் பாட்டி. டைகர் பாம். யூகலிப்டஸ் தூக்கலாக இருந்தால் என் அம்மா. அவருக்குக் கோடாலித் தைலம்தான். "புலி மேலாக்க எரியும்டா, கோடாலிதான் உள்ள எறங்கும்" என்பார். முழங்கால் வலி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாத விவாதம் இது.

கோடாலி இந்த ஊரிலேயே பிறந்தது. 1928இல் லியுங் யுன் சீ தொடங்கிய வியாபாரம். புலி மட்டும் ரங்கூனிலிருந்து வந்தது.

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலிருந்து போன ஆவ் சூ கின் என்ற ஹக்கா வைத்தியர், 1870களில் ரங்கூனில் 'எங் ஆன் தொங்' என்ற மருந்துக்கடையைத் திறந்தார். அன்றைய ரங்கூனை நாம் பர்மிய ஊராக நினைத்துக்கொள்கிறோம். 1931 கணக்கெடுப்பில்கூட அங்கே பாதிக்கு மேல் இந்தியர்கள். கப்பலில் மூட்டை இறக்கியவர்கள் தெலுங்கர்கள், தமிழர்கள். ஆவ் சூ கின் 1908இல் இறந்தபின் கடை மகன்களிடம் வந்தது. மூத்தவர் பூன் ஹா, 'சாந்தமான புலி'. இளையவர் பூன் பார், 'சாந்தமான சிறுத்தை'. தைலத்தில் புலியின் மயிர்கூடக் கிடையாது. அண்ணன் பெயர்தான் டப்பாவில் பாய்கிறது.

1926இல் பூன் ஹா தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார். புலித்தலை பொருத்திய காரில் ஊர் சுற்றி விளம்பரம் செய்த மனிதர். ஆனால் விளம்பரம் மட்டுமே இவ்வளவு விற்றிருக்காது. ரிக்‌ஷா இழுத்தவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்கிய நம்மவர்கள், ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் குனிந்து பால்மரம் வெட்டியவர்கள் என்று முதுகையும் தோளையும் நம்பி ஓடிய ஊர்கள் இவை. தினக்கூலிக்காரனுக்கு ஓய்வு என்றால் அன்றைய சோறு போச்சு. ராத்திரி தேய்த்துக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்து மறுபடி வேலைக்குப் போக ஏதாவது வேண்டும். டைகர் பாம் செய்தது இவ்வளவுதான் என்பது என் கணிப்பு. அதைச் சின்ன விஷயம் என்றும் சொல்ல மாட்டேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று அறிவியல் பிடித்ததே சமீபத்தில்தான். புதினாவிலிருந்து எடுக்கும் மெந்தால், குளிரை உணரும் நரம்பு முனையைத் தொட்டு, இல்லாத குளிரை இருப்பதாகச் சொல்ல வைக்கிறது. அந்த உணர்வியை 2002இல் டேவிட் ஜூலியஸின் குழுவும் ஆர்டெம் பட்டபூட்டியனின் குழுவும் தனித்தனியே அடையாளம் கண்டன. இருவருக்கும் 2021இல் நோபல் பரிசு. தேய்ப்பதற்கும் தனிப் பங்கு உண்டு. அடிபட்ட இடத்தை நாம் தன்னிச்சையாகத் தடவிக்கொள்கிறோமே, அந்தத் தொடு உணர்வு தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது என்று மெல்சாக்கும் வாலும் 1965இல் எழுதினார்கள். தேய்ந்த மூட்டை எந்தத் தைலமும் சரிசெய்வதில்லை. ஆனாலும் அம்மா சொல்வதில் பாதி நிஜம்: கோடாலியில் ஆஸ்பிரினுக்கு உறவுக்காரப் பொருள் ஒன்று, மெத்தில் சாலிசிலேட், இருக்கிறது. அது தோல் வழியாகக் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்கிறது.

தைலத்தில் வந்த பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டுமானால் கிளமெண்டியிலிருந்து ரயில் மாறி ஹாவ் பார் வில்லாவுக்குப் போகலாம். பூன் ஹா தம்பிக்காக 1937இல் பாசிர் பாஞ்சாங் குன்றில் கட்டிய மாளிகை. மாளிகை இன்று இல்லை, சிலைகள் இருக்கின்றன. அங்கே சீன நரகத்தின் பத்து மன்றங்களில் பாவிகளை அறுக்கிறார்கள், நசுக்குகிறார்கள். வலி நிவாரணி விற்றவரின் தோட்டத்தில் இத்தனை வலி! சிறுவயதில் பயந்தேன். இப்போது சிரிப்பும் வருகிறது. பணத்தின் இன்னொரு பகுதி பத்திரிகைக்குப் போனது. 1929இல் 'சின் சியூ ஜிட் போ' நாளிதழைத் தொடங்கினார். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தை ஆரம்பித்த நாகேஸ்வர ராவ் பந்துலுவும் 'ஆந்திர பத்திரிகா' நடத்தியவர். நம் சிற்றிதழ்க்காரர்கள் யாரும் தைலம் காய்ச்சிப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் டாக்டர், "நடங்க, தொடைத் தசை பலமானா முட்டி தாங்கும்" என்றார். உலு பாண்டான் கால்வாய் ஓரம் தினமும் நடக்கிறார், பரவாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஒரு கடையில் எனக்கு முன்னால் நின்ற கட்டட வேலைக்காரத் தம்பி பன்னிரண்டு கோடாலிக் குப்பி வாங்கினார். ஊர் அறந்தாங்கிப் பக்கம். அடுத்த வாரம் லீவில் போகிறாராம். அம்மாவுக்கு, பெரியம்மாவுக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று விரல்விட்டார். பணம் எடுக்கக் குனியும்போது ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட காட்டலையா தம்பி?"

"காட்டுனா எம்.சி. குடுப்பாருண்ணே. ஓ.டி. போயிரும்."

ஒன்றைப் பிரித்து இடுப்பில் தேய்த்துக்கொண்டு, மீதிப் பதினொன்றைப் பைக்குள் வைத்தார்.