பெங்களூரில் பிறந்தது, லண்டனில் ஓடியது

நம்ம ஊர் மக்களுக்கு ஒரு சின்ன, மலிவான மின்சாரக் கார் செய்ய வேண்டும் என்று பெங்களூரில் சிலர் நினைத்தார்கள். செய்தும் காட்டினார்கள். ஆனால் அதை ஆசையாக வாங்கியது லண்டன். ரேவாவின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த முரண்தான்.

இந்தியாவில் அதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்திருந்தது. 1993இல் 'லவ்பேர்ட்' என்ற இரண்டு பேர் மின்கார், சாலக்குடியையும் கோயம்புத்தூரையும் சார்ந்து உருவானது. வந்த வேகத்திலேயே மறைந்தும் போனது. அடுத்த ஆண்டு பெங்களூரின் மைனி குழுமமும் கலிபோர்னியாவின் அமெரிகான் நிறுவனமும் கைகோத்தன. முன்னின்றவர் சேத்தன் மைனி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1990இல் அமெரிக்கச் சூரியசக்திக் கார் போட்டியில் வென்ற மாணவர் குழுவில் இருந்தவர்.

ரேவா 2001இல் விற்பனைக்கு வந்தது. நீளம் 2.6 மீட்டர். இரண்டு பெரியவர்கள், பின்னால் இரண்டு குழந்தைகள், அவ்வளவுதான் இடம். எட்டு ஈய-அமில பேட்டரிகள். வீட்டு பிளக்கில் எட்டு மணி நேரம் சார்ஜ் செய்தால் சுமார் 80 கிலோமீட்டர் போகலாம். ஆபீஸ் போய்வரத் தாராளமாகப் போதும்.

ஆனாலும் யாரு வாங்குவாங்க? ரேவாவின் விலைக்குக் குறைவாகவே மாருதி 800 கிடைத்தது. அதில் குடும்பத்தோடு திருப்பதிக்கே போய்வரலாம். நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் என்பது வாழ்நாளில் ஒருமுறை வாங்கும் பொருள். ஊருக்குள் மட்டும் ஓடும் காரை அந்தக் காசுக்கு எப்படி வாங்குவது? அடுக்குமாடியில் இருப்பவருக்கு பிளக் எங்கே என்பது இன்னொரு கவலை. அந்த மக்களின் கணக்கில் தப்பே இல்லை.

லண்டனில் கணக்கு வேறு மாதிரி இருந்தது. 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு ஒரு நாளைக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணம் வந்தது; 2005இல் அது 8 பவுண்டானது. மின்கார்களுக்கு விலக்கு. 2004இல் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ரேவா அங்கே போய் இறங்கியது. வருஷத்தில் 250 நாள் வேலைக்குப் போகிறவருக்கு 2,000 பவுண்டு மிச்சம் என்றால், நாலைந்து வருஷத்தில் காரின் விலையே திரும்பி வந்துவிடும். பெங்களூரில் விலை உயர்ந்த அதே கார், லண்டனில் மலிவாகிவிட்டது. காரில் எதுவும் மாறவில்லை. மாறியது நகரத்தின் சட்டம்.

இன்னொரு சட்டமும் அதற்கு உதவியது. ஐரோப்பிய விதிகளில் ரேவா கார் அல்ல, 'குவாட்ரிசைக்கிள்'. பேட்டரியைக் கழித்து எடை 400 கிலோவுக்குள் இருந்தால் கார்களுக்கான மோதல் சோதனை அப்போது கட்டாயமாக இருக்கவில்லை. குறைந்த செலவில் சந்தைக்குள் நுழைய வழி விட்ட அதே விதி, பயணியின் உயிரைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. 2007இல் 'டாப் கியர்' இதழ் நடத்திய மோதல் சோதனையின் முடிவு பயமுறுத்தியது. பிறகு வண்டியில் திருத்தங்கள் வந்தன. ஆனால் கேலியும் சந்தேகமும் அதோடு ஒட்டிக்கொண்டன. மலிவு என்று சொல்லும்போது எதைக் குறைத்து மலிவாக்கினார்கள் என்பதையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

2010இல் மகிந்திரா நிறுவனம் ரேவாவின் பெரும்பங்கை வாங்கியது. உலகம் முழுக்க விற்றது சில ஆயிரம் வண்டிகள்தான்.

பத்து ஆண்டு கழித்து, 2020இல், சீனாவில் வூலிங் ஹோங்குவாங் மினி வந்தது. தொடக்க விலை 28,800 யுவான். அதன் அடிப்படை மாடலின் பேட்டரி கொள்ளளவு ரேவாவுடையதைப் போலத்தான், ஏறக்குறைய 9 கிலோவாட் மணி. 2021இல் மட்டும் 4 லட்சத்துக்குப் பக்கத்தில் விற்றது. லித்தியம் பேட்டரியும் பெருந்தொழிற்சாலையும் காரணம்தான். ஆனால் அது தயாராகும் லியூசோ நகரம் அதற்கு முன்பே குட்டி மின்கார்களுக்குத் தனி பார்க்கிங் ஒதுக்கி, சார்ஜ் செய்ய பிளக் வைத்து, மக்களை ஓட்டிப் பார்க்கவும் விட்டிருந்தது.

ரேவாவைத் தோற்றுப்போன கார் என்று சொல்லிவிடுவது சுலபம். பெங்களூரின் பொறியாளர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். அந்தக் காருக்கு ஒரு பிளக்கும் கொஞ்சம் இடமும் கொடுத்திருக்க வேண்டியது நகரம்.