பழைய லேத்: விலை மதிப்பிடும் முறை

பட்டறையில் பல ஆண்டுகள் ஓடிய கடைசல் இயந்திரம் விற்பனைக்கு வரும்போது அதற்கு நியாயமான விலை எது என்பது, தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் போன்ற ஊர்களில் பட்டறை வைப்பவரின் முதலீட்டையே தீர்மானிக்கும் கேள்வி. கிணற்று மோட்டார், டிராக்டர், மலைக்கு ஏறும் ஜீப், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் காற்றாடி என்று இங்கே வரும் வேலைக்குப் புது லேத் கட்டுப்படியாகாது. விற்பவர் தயாரித்த ஆண்டையும் கம்பெனிப் பெயரையும் புதுப் பெயின்டையும் காட்டி விலை சொல்வார். இந்த மூன்றும் துணைச் சான்றுகள் மட்டுமே. விலையை முடிவு செய்ய வேண்டியது பெட்டின், அதாவது சாடில் ஓடும் தளத்தின், தேய்மானம்.

வயதை எடுத்துக்கொள்வோம். வருமான வரிக் கணக்கில் இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் பத்தே ஆண்டில் மதிப்பு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஆனால் கல்லூரிப் பயிற்சிக்கூடத்தில் நின்ற லேத்தும் மூன்று ஷிப்ட் ஓடிய லேத்தும் ஒரே வயதானாலும் ஒரே நிலையில் இருக்காது. பட்டறை வேலைகளில் பெரும்பாலானவை குட்டையானவை. அதனால் டூலைத் தாங்கி நகரும் சாடில் எப்போதும், வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்திலேயே உழலும். தேய்மானமும் அங்கேதான் குவியும், மறுமுனையிலுள்ள டெயில்ஸ்டாக் பக்கம் புதிதுபோலவே இருக்கும். சாடிலைச் சக்குக்கு அருகே ஆட்டமில்லாமல் முடுக்கிவிட்டுக் கடைசி வரை தள்ளிப் பார்த்தால் போதும்: தேய்ந்த பெட்டில் அது பாதி வழியில் இறுகி நின்றுவிடும். சாடில் 0.05 மி.மீ. பக்கவாட்டில் விலகினாலே கடைசல் விட்டத்தில் 0.1 மி.மீ. பிசகும். அடுத்து, சக்குக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து நெம்பி, டயல் கேஜில் ஸ்பிண்டில் எவ்வளவு அசைகிறது என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பேரிங் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதும் கியர் சத்தத்தைக் கேட்பதும் அவசியம்; கெட்டியான ஆயில் ஊற்றியிருந்தால் அந்தச் சத்தம் சற்று நேரம் அடங்கிவிடும்.

கிராமத்துப் பட்டறைக்கு இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்பார்கள். இரும்புக் கேட்டுக்குக் கீல் ஊசி கடையப் போகிறவருக்கு அது சரியான கேள்விதான். ஆனால் 25 மி.மீ. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு அனுமதிக்கப்படும் வேறுபாடு பெரும்பாலும் 0.01 மி.மீ. சுற்றில்தான். அந்த இடம் லூசாகிப் போனால், போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கி அந்த ஷாஃப்ட் திரும்பி வரும். வாடிக்கையாளர் திரும்ப வருவாரா என்பது வேறு.

கம்பெனிப் பெயரே போதாதா என்பது இன்னொரு வாதம். 1953இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி., 1941இல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர் ஆகியவற்றின் வார்ப்பு தரமானது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் பெயர் சொல்வது அந்த லேத் பிறந்தபோது எப்படி இருந்தது என்பதை மட்டுமே. மைசூர் கிர்லோஸ்கர் உற்பத்தியை நிறுத்திவிட்டதால் உடைந்த கியரைத் தனியாகச் செய்து வாங்க வேண்டும். அதிகம் ஓடாத, பெரிய பெயரில்லாத ராஜ்கோட் தயாரிப்பு லேத், தேய்ந்துபோன பெரிய பெயரைவிட மேல் என்றே சொல்வேன்.

பெட்டைக் கிரைண்டிங் செய்துவிடலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கான பெரிய இயந்திரம் எல்லா ஊரிலும் இல்லை; லேத்தைக் கழற்றி ஏற்றி இறக்க வேண்டும். கிரைண்டிங்கில் பெட் தாழ்ந்தால் சாடிலும் தாழும், லீட் ஸ்க்ரூ நேர்கோட்டில் நிற்காது, அதையும் சரிசெய்ய வேண்டும். நல்ல நிலையிலுள்ள அதே அளவு லேத்தின் விலையிலிருந்து இந்தச் செலவையும் லாரி வாடகையையும் கழித்தால் நிற்பதுதான் விலை. அந்தத் தொகை பழைய இரும்பு விலைக்குக் கீழே போனால் அது லேத்தே அல்ல. ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் எடை விலைக்கு மேல் பேச வேண்டாம்.