சென்னை டு பெங்களூரு: காரோடு மாநிலம் மாறினால் இன்சூரன்ஸ் கட்டணம் ஏறுமா?

பெங்களூருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. வீடு பார்த்தாச்சு, பிள்ளைக்கு ஸ்கூல் சீட்டும் வாங்கியாச்சு. வாசலில் டிஎன் நம்பரோடு நிற்கும் காரை என்ன செய்வது என்பதுதான் பாக்கி. இன்சூரன்ஸ் முடிய இன்னும் ரெண்டே மாசம். கர்நாடகாவில் கட்டணம் கூடுமா? பழைய பாலிசி அங்கே செல்லுமா? வழியில் ஏதாவது ஆனால் பணம் கிடைக்குமா?

வேறு மாநிலத்துக்கு குடிபெயரும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. பெரும்பாலானோர் கட்டணத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் கட்டணம் பெரிதாக மாறுவதில்லை. சிக்கல் இருப்பது பேப்பர்களில்.

இதை இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது அமெரிக்க விவரங்கள்தான். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி இன்சூரன்ஸ் சட்டம். எவ்வளவு தொகைக்கு காப்பீடு இருக்க வேண்டும் என்பதையே மாநிலம்தான் முடிவு செய்யும். பல மாநிலங்களில் கிரெடிட் ஸ்கோரைப் பார்த்து கட்டணம் போடுவார்கள், கலிஃபோர்னியாவில் அப்படிப் போடக் கூடாது. அதனால் மாநிலம் மாறினால் பாலிசியே மாறும். இந்தியாவில் கதை வேறு.

பழைய பாலிசி வேறு மாநிலத்தில் செல்லுமா?

செல்லும். இந்தியாவில் எடுக்கும் கார் இன்சூரன்ஸ் பாலிசி நாடு முழுவதற்கும் பொருந்தும். டிஎன் நம்பர் காருக்கு சென்னையில் எடுத்த பாலிசியை வைத்து, பெங்களூருவிலோ பூனாவிலோ நடந்த விபத்துக்கு க்ளெய்ம் கேட்கலாம். இதற்காக அவசரப்பட்டு பாலிசியை ரத்து செய்து புதிதாக எடுக்கத் தேவையில்லை.

கட்டணத்தில் எது மாறும், எது மாறாது?

முழு இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பாலிசியில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. இன்னொன்று நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. ஏஜெண்டுகள் இதை ‘ஓடி’ என்பார்கள்.

மூன்றாம் நபர் பங்கு சட்டப்படி கட்டாயம். இது இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதன் கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த பட்டியல்படி, 1000 சிசி வரையிலான தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். கன்னியாகுமரியில் இருந்தாலும் காஷ்மீரில் இருந்தாலும் இந்தப் பட்டியல்தான். மாநிலம் மாறினால் இதில் ஒரு ரூபாய்கூட மாறாது.

மாறக்கூடியது ஓடி பங்கு மட்டும்தான். அதிலும் மாநிலத்தைப் பார்ப்பதில்லை. கார் எந்த ஆர்டிஓ-வில் பதிவாகி இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

மண்டலம் ஏ, மண்டலம் பி: இதுதான் விஷயம்

2002-ல் வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகள் தனியார் கார்களுக்கு நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்தன. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, பூனா, அகமதாபாத், கொல்கத்தா, டெல்லி ஆகிய 8 நகரங்கள் மண்டலம் ஏ. மிச்சம் இருக்கும் ஊர் எல்லாம் மண்டலம் பி. ஏ மண்டலத்தில் கட்டணம் கொஞ்சம் அதிகம். பெருநகர நெரிசலில் இடிபடும் வாய்ப்பு அதிகம் என்பதுதான் கணக்கு.

இதை வைத்துப் பார்த்தால் சென்னையிலிருந்து பெங்களூரு போகிறவருக்கு மண்டலமே மாறவில்லை. சென்னையிலிருந்து கொச்சி போனால் ஏ-யிலிருந்து பி-க்கு இறங்குகிறார். கோவையிலிருந்து பெங்களூரு போனால் பி-யிலிருந்து ஏ-வுக்கு ஏறுகிறார். அதே கோவைக்காரர் மாநிலமே தாண்டாமல் சென்னைக்கு வந்து அங்கே காரைப் பதிந்தாலும் ஏ மண்டலம்தான்.

ஓசூரை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தினமும் அங்கே வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஏராளம். டிஎன் 70 என்று ஓசூரில் பதிவான கார் பி மண்டலம். அதே சாலையில், அதே நெரிசலில், பக்கத்தில் நிற்கும் கேஏ 03 கார் ஏ மண்டலம். இதில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால், விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எவ்வளவு ரூபாய் வித்தியாசம் வரும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1200 சிசி-யை ஒட்டிய ஹேட்ச்பேக் கார். 5 ஆண்டுக்குள்ளான வண்டி. காரின் இன்றைய மதிப்பாக பாலிசியில் குறிப்பிடப்படும் ஐடிவி 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பழைய விதிப் பட்டியலில் இந்த வகை காருக்கு ஏ மண்டலத்தில் ஓடி விகிதம் 3.283%. அதாவது 16,415 ரூபாய். பி மண்டலத்தில் 3.191%, அதாவது 15,955 ரூபாய். வித்தியாசம் 460 ரூபாய்.

இந்தத் தொகையையும் யாரும் முழுசாகக் கட்டுவதில்லை. நிறுவனம் 50% தள்ளுபடி தருகிறது, இரண்டு ஆண்டாக க்ளெய்ம் எடுக்காததால் 25% போனஸும் இருக்கிறது என்றால், ஏ மண்டலத்தில் ஓடி 6,156 ரூபாய், பி மண்டலத்தில் 5,983 ரூபாய். மூன்றாம் நபர் பங்கு 3,416 ரூபாயையும் 18% ஜிஎஸ்டியையும் சேர்த்தால் ஏ-வில் 11,295 ரூபாய், பி-யில் 11,091 ரூபாய். ஆக மண்டலம் மாறியதால் வரும் வித்தியாசம் சுமார் 200 ரூபாய். ஒரு பிரியாணி காசு.

அப்படின்னா சிலருக்கு மட்டும் ஏன் ஆயிரக்கணக்கில் மாறுகிறது?

2007 ஜனவரி 1 முதல் ஓடி கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று கதவு திறக்கப்பட்டது. எந்த ஆர்டிஓ வண்டிகளில் க்ளெய்ம் அதிகம் வருகிறது, எந்த மாடல் அதிகம் திருடு போகிறது என்று நிறுவனங்கள் தங்களுக்குள் கணக்கு வைத்திருக்கின்றன. அதற்கேற்ப தள்ளுபடி ஏறும், இறங்கும். மேலே சொன்ன அதே காருக்கு ஒரு நிறுவனம் 60% தள்ளுபடி தந்தால் போனஸ் போக ஓடி 4,925 ரூபாய். 40% மட்டும் தந்தால் 7,387 ரூபாய். மண்டலம் ஒன்றே, வித்தியாசம் மட்டும் 2,462 ரூபாய்.

அதனால் புது ஊரில் ஆர்டிஓ மாறிய பிறகு, பழைய நிறுவனத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிக்க வேண்டாம். புது நம்பரைப் போட்டு ரெண்டு மூணு இடத்தில் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது. சென்னையில் மலிவாகக் கொடுத்த நிறுவனம் பெங்களூருவிலும் மலிவாகக் கொடுக்கும் என்று சொல்ல முடியாது.

போனஸ் போய்விடுமா?

போகாது. க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான போனஸ் 20%-ல் தொடங்கி 25, 35, 45 என ஏறி 50% வரை போகும். அது வண்டி நம்பருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. மாநிலம் மாறினாலும், நிறுவனம் மாறினாலும் கூடவே வரும்.

ஆனால் ஒரு ஆபத்து உண்டு. புது நம்பர் வந்த பிறகு புதுப்பிச்சுக்கலாம் என்று காத்திருந்து, பாலிசி முடிந்து 90 நாள் தாண்டிவிட்டால் மொத்த போனஸும் காலி. மேலே பார்த்த மண்டல வித்தியாசம் 200 ரூபாய். 50% போனஸ் வைத்திருப்பவருக்கு அதே காரில் இழப்பு 4,000 ரூபாய்க்கு மேல், வரி தனி. பாலிசி இல்லாத நாட்களில் கார் இடிபட்டால் கிடைப்பது பூஜ்யம். எனவே தேதி நெருங்கிவிட்டால் பழைய நம்பரிலேயே புதுப்பித்துவிட்டு, பிறகு நம்பரை மாற்றிக்கொள்ளலாம். பாலிசி நடப்பில் இல்லாவிட்டால் பழைய ஆர்டிஓ-வில் என்ஓசி வாங்கும்போதும் சிக்கல் வரும்.

காரை புது மாநிலத்தில் பதிந்தே ஆகணுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும். பழைய ஆர்டிஓ-விடம் என்ஓசி வாங்கணும். கார் லோன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேணும். நிலுவையில் இருக்கும் இ-சலான் அபராதங்களை முதலில் கட்டிவிடுவது நல்லது, கடைசி நேரத்தில் அதுவே விண்ணப்பத்தை நிறுத்திவைக்கும்.

பர்ஸைக் கடிக்கும் செலவு இங்கேதான் வருகிறது. இன்சூரன்ஸ் அல்ல, சாலை வரி. கர்நாடகாவில் புது காருக்கு விலையைப் பொறுத்து 13% முதல் 18% வரை ஆயுள் வரி, அதன் மேல் செஸ். பழைய காருக்கு வயதைப் பொறுத்து இது குறையும் என்றாலும் தொகை பெரும்பாலும் பல ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தொடலாம். தமிழ்நாட்டில் ஏற்கெனவே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் முதலில் அங்கே கட்டிவிட்டு, அந்த ரசீதோடுதான் இங்கே விண்ணப்பிக்க முடியும். கையில் பணம் தயாராக இருக்கணும்.

அடிக்கடி மாற்றல் ஆகும் வேலை என்றால் பிஎச் வரிசை நம்பர் ஒரு வழி. 2021 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. பாதுகாப்புப் படையினர், மத்திய, மாநில அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்கள், 4 அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் இதைக் கேட்கலாம். வரியை 2 ஆண்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும், மாநிலம் மாறும்போது நம்பரை மாற்ற வேண்டாம்.

நம்பர் மாறியதும் மறக்கக் கூடாதது

புது ஆர்சி கையில் வந்த அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். புதிய பதிவு எண், புதிய முகவரி இரண்டையும் பாலிசியில் திருத்தித் தருவார்கள். இதற்குப் பெயர் எண்டார்ஸ்மென்ட். சிறு கட்டணம் இருக்கலாம். மண்டலம் மாறியிருந்தால் மீதி இருக்கும் மாதங்களுக்கான வித்தியாசத்தை மட்டும் கேட்பார்கள்.

இதைச் செய்யாமல் விட்டால்? விபத்து நடந்து க்ளெய்ம் கேட்கும்போது ஆர்சி-யில் கேஏ நம்பர், பாலிசியில் டிஎன் நம்பர். என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒன்றுதான் என்பதால் அதே கார்தான் என்று நிரூபிக்க முடியும். ஆனா அதுக்கு அலையணும். ரோட்டில் போலீஸ் புது நம்பரை வைத்துத் தேடும்போது இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்று காட்டவும் வாய்ப்பு இருக்கிறது.

பதிவு விஷயத்தில் அசட்டையாக இருந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பைச் சொல்லலாம். ராஜஸ்தானைச் சேர்ந்தவர் பஞ்சாபில் பொலேரோ வாங்கி தற்காலிகப் பதிவில் ஓட்டினார். 2011 ஜூலை 19-ல் அந்தத் தற்காலிகப் பதிவு முடிந்தது. அடுத்த பத்து நாளுக்குள் ஜோத்பூரில் விடுதி வாசலில் நிறுத்தியிருந்த வண்டி திருடு போனது. இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தது. ஆனாலும் செல்லுபடியாகும் பதிவு இல்லாத வண்டியை ஓட்டியது பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறியதாகும், எனவே நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரி குறைவு என்று பக்கத்து மாநிலத்தில் கார் வாங்கி, தற்காலிக நம்பரிலேயே நாளைக் கடத்துகிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

ஊருக்கு ஏற்ற கூடுதல் காப்பீடு

கட்டணத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதை விட இது முக்கியம். மழைத் தண்ணீர் தேங்கும் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண முழு பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் தண்ணீரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால், அந்தச் செலவு பொதுவாக அதில் வராது. 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னைக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. மேடான ஊரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களின் பாலிசியில் இது பல நேரம் இருப்பதில்லை.

புது வீட்டுக்குப் பக்கத்தில் உங்கள் நிறுவனத்தின் கேஷ்லெஸ் வொர்க்‌ஷாப் இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்த்து வைக்கலாம்.

12 மாதத்துக்குள் திரும்பி வந்துவிடுவேன் என்கிறவர்கள்

இவர்களுக்கு நம்பர் மாற்றம் தேவையில்லை. நிறுவனத்திடம் முகவரியை மட்டும் திருத்திக்கொள்ளலாம். வெளிமாநில வண்டியை நிறுத்தி எப்போது வந்தீர்கள் என்று கேட்பது பெங்களூருவில் சகஜம். காரோடு எல்லை தாண்டிய நாளைக் காட்டும் ஃபாஸ்டேக் பதிவு, வீட்டு வாடகை ஒப்பந்தம், அலுவலக மாற்றல் உத்தரவு இவற்றின் நகல்களை மொபைலில் வைத்திருங்கள். ‘வந்து ஒரு வருஷம் ஆகலை சார்’ என்று வாயால் சொன்னால் மட்டும் அங்கே எடுபடாது.