மறுமொழி பெறும் கீறல்: சுவரெழுத்து கலையாகும் இடம்

கொடுமணல், கீழடிப் பானையோடுகளைப் பற்றி எழுதும் நம் தொல்லியலாளர்கள் ‘கீறல்’ என்ற சொல்லை நெடுநாளாகப் புழங்கிவருகிறார்கள். இத்தாலிய மொழியின் ‘கிராஃபியாரே’ என்ற வினைக்கும் கீறுதல் என்பதே பொருள். கிராஃபிட்டி என்ற சொல் அதன் வழி வந்தது. பண்டைய ரோமானிய நகரான பொம்பெயியின் சுவர்களைப் படித்த பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்களால் பிற மொழிகளுக்குப் பரவியது. சொல்லின் வேரில் வண்ணமும் இல்லை, குற்றமும் இல்லை. கூர்முனை ஒன்று சாந்தில் இழுத்த கோடுதான் இருக்கிறது.

அந்தக் கோடு கலையா என்று கேட்டால் இன்று வழக்கமாக இரண்டு விடைகள் வருகின்றன. அனுமதியோடு வரைந்தால் கலை, இல்லாவிட்டால் குற்றம் என்பது ஒன்று. பழையதானால் மரபுச் செல்வம், புதியதானால் அழுக்கு என்பது மற்றொன்று. இரண்டும் சுவரைப் பார்க்காமலே சொல்லிவிடக்கூடிய விடைகள். ஒரு கீறலைப் படித்து இன்னொரு கை பதில் எழுதும்போது, அந்தப் பதில்களுக்கு நடுவே எது நல்லது, எது மட்டம் என்ற அளவுகோல் உருவாகும்போது, அங்கே கலை பிறக்கிறது என்பது என் வாதம்.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த பொம்பெயியில் இதுவரை 11,000க்கும் மேற்பட்ட சுவரெழுத்துகள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. கடைக்கணக்கு, வசை, காதல், கிளாடியேட்டர்களின் உருவம் என எல்லாம் உண்டு. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய தேதி ஒன்று கிடைத்தது. நம் கணக்கில் அது அக்டோபர் 17. எரிமலை ஆகஸ்டில் அன்று, இலையுதிர் காலத்தில்தான் வெடித்தது என்ற கருத்துக்கு அந்த ஒரு வரி பெரும் வலுச் சேர்த்தது. வரலாற்றுக்கு விலைமதிப்பற்ற சான்று. ஆனால் கலை அன்று. கீழடி ஓட்டில் ‘குவிரன் ஆதன்’ என்று கீறிய பெயரையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அது பெயரைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது, எவரையும் பதிலுக்கு அழைக்கவில்லை. அதே பொம்பெயியில், இத்தனை கிறுக்கல்களைத் தாங்கும் சுவரை விளித்து எழுதிய செய்யுள் ஒன்று பசிலிக்காவிலும் நாடக அரங்கிலும் விளையாட்டரங்கிலும் திரும்பத் திரும்ப வருகிறது. யாரோ படித்தார்கள், ரசித்தார்கள், வேறொரு சுவரில் எழுதினார்கள். கணக்குக் கீறலுக்குக் கிடைக்காத வாழ்வு இது.

இந்த வாழ்வு முழுமையாகத் தெரியும் இடம் இலங்கையின் சிகிரியா. ஐந்தாம் நூற்றாண்டில் அரசன் காசியப்பன் கட்டிய அந்தப் பாறைக்கோட்டையின் நடைபாதையை ஒட்டி, சுண்ணச் சாந்து பூசி மெருகேற்றிய ‘கண்ணாடிச் சுவர்’ ஓடுகிறது. அதற்கு மேலே, பாறையின் குழிவில், பூ ஏந்திய பெண்களின் ஓவியங்கள். அரசன் மாண்டு கோட்டை வெறிச்சோடிய பிறகு பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். துறவிகள், படைவீரர்கள், பெண்கள் எனப் பலதரப்பட்டவர்கள் அண்ணாந்து ஓவியத்தைப் பார்த்துவிட்டு, கைக்கெட்டும் உயரத்தில் சாந்தில் செய்யுள் கீறினார்கள். பெரும்பாலானவை 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலானவை. தொல்லியலாளர் செனரத் பரணவிதான பல ஆண்டுகள் அந்த மெல்லிய கோடுகளைப் படித்து, 685 செய்யுள்களை 1956இல் பதிப்பித்தார். சிங்களக் கவிதையின் தொடக்க வரலாற்றை எழுதுகிறவர் எவரும் இந்தச் சுவரைத் தாண்டிப் போக முடியாது.

அந்தச் செய்யுள்களில் பலவற்றில் எழுதியவரின் பெயரும் ஊரும் உண்டு. ஓவியப் பெண்கள் வாய்திறந்து பேசவில்லையே என்று ஆண்கள் ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்தை ஏற்காத பெண்களின் குரலும் அதே சுவரில் இருக்கிறது. ஒருவர், மற்றவர்கள் இவ்வளவு எழுதியிருப்பதைக் கண்டு தான் எழுதாமல் விட்டதாகச் செய்யுள் வடிவிலேயே கீறிவைத்திருக்கிறார். இதை எழுத அவர் சுவரை முதலில் படித்திருக்க வேண்டும். யாப்பு தெரிந்திருக்க வேண்டும். தனக்குப் பின் வந்து படிப்பவர் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கையும் வேண்டும். கவியரங்கம் ஒன்றில் கேட்பதற்குக் குறைவாக இதில் என்ன இருக்கிறது? அந்தச் சுவர் கவிதை எழுதுவதற்காகக் கட்டப்பட்டதன்று. அனுமதிதான் கலையை ஆக்குகிறது என்போர் முதலில் சிகிரியாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பழமைதான் ஆக்குகிறது என்போருக்கு நியூயார்க் பதில் சொல்கிறது. 1960களின் பிற்பகுதியில் பிலடெல்பியாவில் ‘கார்ன்பிரெட்’ என்ற புனைபெயரில் ஓர் இளைஞர் ஊர் முழுக்கத் தன் பெயரை எழுதினார். நியூயார்க்கில் 183ஆம் தெருவில் குடியிருந்த, கடிதம் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்த ஒருவர் ‘டாக்கி 183’ என்று போன இடமெல்லாம் எழுதினார். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றிச் செய்தி வெளியிட்டதும் பெயர்கள் பெருகின. இந்தக் கட்டத்தில் அவை வெறும் பெயர்கள்தான். பானையோட்டுப் பெயருக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

வேறுபாடு எழுந்தது போட்டியால். எல்லோரும் பெயர் எழுதினால் ஒரு பெயர் கண்ணில் நிற்பது எப்படி? எழுத்து பெருத்தது, நிறம் ஏறியது, எழுத்துகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டன. அகலமாகத் தெளிக்க வேண்டும் என்பதற்காக வேறு வீட்டுப்பொருள் டப்பாக்களின் மூக்கைக் கழற்றி வண்ண டப்பாவில் மாட்டினார்கள். பிராங்ஸில் 149ஆம் தெரு – கிராண்ட் கான்கோர்ஸ் நிலையத்து பெஞ்சு ஒன்று இவர்களின் சபையாயிற்று. பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து, வந்துபோகும் ரயில் பெட்டிகளின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள்; ஒருவர் நோட்டில் மற்றவர் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். கற்றுக்குட்டிக்கு ‘டாய்’ என்று பெயர். அடுத்தவர் பாணியைத் திருடினால் ‘பைட்டிங்’ என்ற பழி. எழுதியவர்கள் தங்களை ‘ரைட்டர்’ என்றே அழைத்துக்கொண்டார்கள். கிராஃபிட்டி என்பது ஊரார் வைத்த பெயர். திருட்டைக் கண்டிக்கும் சொல் ஒரு கூட்டத்தில் தோன்றிவிட்டால், அங்கே தனித்தன்மைக்கு மதிப்பு வந்துவிட்டது என்று பொருள். 1980இல் டோண்டி என்ற ரைட்டர் முழுப் பெட்டிகளில் தீட்டிய ‘சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்’ இந்த வளர்ச்சியின் உச்சங்களில் ஒன்று. புகைப்படக் கலைஞர் மார்த்தா கூப்பரின் கேமராவால் அது இன்றும் நமக்குக் காணக் கிடைக்கிறது.

எதிர்வாதம் வலுவானது, அதை ஒதுக்க முடியாது. வேலை முடிந்து அலுத்துத் திரும்புகிறவர், எழுத்து மூடிய ரயில் ஜன்னல் வழியே எந்த நிலையம் என்று தெரியாமல் தவித்தது உண்மை. 1989 மே 12இல் கடைசி எழுத்துப் பெட்டியையும் நியூயார்க் நகரம் ஓட்டத்திலிருந்து எடுத்தபோது பலர் நிம்மதி அடைந்தார்கள். அந்த நிம்மதியை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு செயல் பிறருக்குத் தீங்கா என்பதும், அதன் விளைவு கலையா என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொன்னதால் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றாகிவிடாது. 2015இல் சிகிரியாவின் அதே சுவரில் பெயர் கீறிய இளம்பெண் ஒருவருக்கு ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பில் விடுதலையானார். தண்டனை கொடிது என்றே நினைக்கிறேன். ஆயினும் அந்தப் பெயரைக் கலை என்று சொல்லமாட்டேன். காரணம் அது புதியது என்பதன்று. சுவரில் நடந்துகொண்டிருந்த உரையாடலைப் படிக்காமல், அதன் மேல் விழுந்த கோடு அது.

நீதிமன்றமும் ஒருமுறை இந்த அளவுகோலுக்கு அருகில் வந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ‘ஃபைவ் பாயிண்ட்ஸ்’ என்ற பழைய ஆலைக் கட்டடத்தில் உரிமையாளரின் இசைவோடு பலர் தீட்டிவந்தார்கள். மெரெஸ் ஒன் எனப்படும் ஜோனதன் கோஹன் எந்தச் சுவரை யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்து நடத்தினார். 2013 நவம்பரில் ஓர் இரவில் உரிமையாளர் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்தார். மறு ஆண்டு கட்டடம் இடிக்கப்பட்டது. 2018இல் நீதிபதி ஃபிரெடரிக் பிளாக், 1990ஆம் ஆண்டின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டப்படி, 45 படைப்புகளுக்காக 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தார். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. படைப்புகளின் தகுதிக்குச் சான்றாக எடுத்துக்கொண்டவற்றில் கோஹனின் தேர்வுமுறையும் ஒன்று. பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகள் சொன்ன தீர்ப்பின் வளர்ந்த வடிவம் அது. அனுமதி வழக்கு தொடுக்க வழிவிட்டது. தகுதியை நிறுவியது சக கலைஞர்களின் கண்.

தீர்ப்பில் நீதிபதி இன்னொன்றையும் குறித்தார். ஏனோதானோவென்று பூசிய மலிவான வெள்ளை வண்ணம் மெல்லியதாக இருந்ததால், கட்டடம் இடிபடும் வரை அந்தப் படைப்புகள் அடியிலிருந்து தெரிந்துகொண்டே இருந்தன. நடந்ததை அவை தீட்டியவர்களுக்கு நாள்தோறும் நினைவூட்டின.